நீ ஆற்றில் விட்ட பெண்

மகனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். எழுதினேன், அடித்துவிட்டேன். நீ அனுப்பிய பத்திரிகை வந்தது. வெள்ளிக்கிழமை உன் பனியன் கம்பெனியின் புது யூனிட்டுக்குப் பூஜை, அம்மா வந்து குத்துவிளக்கு ஏற்ற வேண்டும், கார் அனுப்புகிறேன் என்று அதன் பின்புறத்தில் உன் கையாலேயே எழுதியிருந்தாய். கார் வேண்டாம். நான் வரப்போவதில்லை. நான் இப்போது நம் குன்னத்தூர்த் தோட்டத்தில், என் பேரில் இருக்கிற மேற்குப் பாதியில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிரில் நீ இன்று காலை அனுப்பிவைத்த ஜேசிபி நிற்கிறது. ஓட்டுகிறவர் பீகார்க்காரர். ஹாரன் அடித்துப் பார்த்தார், "மாஜி, மாஜி" என்று கெஞ்சிப் பார்த்தார், நான் எழுந்திருக்கவில்லை என்றதும் இன்ஜினை அணைத்துவிட்டு வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருக்கிற கோபத்தையெல்லாம் உனக்காகத்தான் வைத்திருக்கிறேன். இதை ஒளித்துவைத்துப் படிக்க வேண்டாம், யார் கேட்டாலும் சத்தமாகப் படித்துக்காட்டு.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ அதை வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. போன மாதம் உன் பேரில் இருக்கிற கிழக்குப் பாதியில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி வெட்டினீர்கள். ஆள் உயரத்துக்குக் கீழே பானை உடைந்தது. சோற்றுப் பானை இல்லை, ஒரு ஆளைக் குந்தவைத்து மூடிவிடலாம், அவ்வளவு பெரிய தாழிகள். உள்ளே எலும்பு. செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பழங்காலத்து ஆட்களின் இடுகாடு அது. நம் பக்கத்தில் பாண்டியன் குழி என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, அதன்மேலேயே கடலைக்காய் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கட்டிட வேலை சூப்பர்வைசர் உனக்குப் போன் செய்தார். நீ யாருக்குச் செய்தாய்? மெடிக்கல் காலேஜில் தலைமுடி நரைக்கிறவரை எலும்பையே பாடமாக நடத்திவிட்டு ஓய்வு பெற்ற உன் அம்மாவுக்கா? வாஸ்துக்காரருக்கு. அவர் வந்து, நிலத்துக்குள் எலும்பு கிடந்தால் அது சல்லியம், அதன்மேல் கட்டிடம் எழுப்பினால் தொழில் விளங்காது, ஒரு துண்டு விடாமல் பொறுக்கி ஆற்றில் கரைத்துவிடுங்கள் என்று சொன்னார். பால் ஊற்றிக் கழுவினீர்கள். மஞ்சள் துணியில் முடிந்தீர்கள். நொய்யலில் ஓடுவது சாயத் தண்ணீர், அதில் விட்டால் புண்ணியம் சேராது என்று கொமரலிங்கம்வரை காரில் போய் அமராவதியில் விட்டுவிட்டு வந்தீர்கள். அந்தச் சாயத்தில் உன் பங்கு என்ன என்பதை இன்னொரு நாள் பேசலாம்.

அன்று சாயங்காலம் நீ எனக்குப் போன் செய்தாய். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி. "அம்மா, பெரிய புண்ணியம் ஒண்ணு பண்ணீட்டு வந்திருக்கறனுங்க. நம்ம முன்னோருங்க யாரோ, அத்தன காலமா மண்ணுக்குள்ள கெடந்திருக்காங்க. அமராவதில கரைச்சு மோட்சம் குடுத்துட்டனுங்க" என்றாய். "எந்த எலும்பு கண்ணு?" என்று கேட்டேன். "எல்லாமேதானுங்க, ஒண்ணுகூட விடலீங்க" என்றாய். நான் உன்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.

மறுநாள் பஸ் பிடித்துக் கொமரலிங்கம் போனேன். இது உனக்குத் தெரியாது. படித்துறையில் இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று மணலைத் துழாவினேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு அது எப்படிப்பட்ட வேலை என்று நீ யோசித்துக்கொள். மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர், "ஏனுங்கம்மா, தோடு ஏதாச்சும் விழுந்துருச்சுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, பல்லு" என்றேன். அவர் என் வாயைப் பார்த்தார். கரைப்பது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறீர்கள், எலும்பு கரையாது. மணலுக்குள் எங்கேயோ கிடக்கும். ஆனால் கிடைத்திருந்தாலும் பாதிதான் பயன். எந்தத் தாழியில் யார், எந்தப் பக்கம் தலை, பக்கத்தில் என்ன வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் ஒரு ஆள். நீ ஆட்களைக் குழியிலிருந்து எடுத்து, எலும்பாக்கி, ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டாய். நம் மண் சுக்கான் மண், அந்தச் சுண்ணாம்பினால்தான் எலும்பு இத்தனை காலம் மக்காமல் இருந்தது. செம்மண்ணாக இருந்தால் எப்போதோ பொடியாகியிருக்கும். மண்ணுக்கு இருந்த பொறுப்பு உனக்கு இல்லை.

அப்போதுகூட, பிள்ளை விவரம் தெரியாமல் செய்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். தாய் மனசு இருக்கிறதே, அதைப்போல ஏமாளி வேறு எதுவும் இல்லை. நாம் காலேஜ் குவார்ட்டர்ஸில் இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். கட்டிலுக்கு அடியில் நான் பாடத்துக்கு வைத்திருந்த எலும்புப் பெட்டி. உன் அப்பா, "ஏம்புள்ள, ஊட்டுக்குள்ள எலும்ப வெச்சுட்டு எப்படிச் சோறு எறங்கும்?" என்று கத்துவார். நீ பயப்படவே இல்லை. உன் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டுக் கையில் ஒரு எலும்பைக் கொடுப்பேன். தடவிப் பார்த்து, "எடது தொடைங்க", "வலது காறை எலும்புங்க" என்று சொல்வாய். இடுப்பெலும்பில் பின்பக்கம் ஒரு வளைவு உண்டு. அதில் கட்டைவிரலை வைத்தால் ஆணுக்கு விரல் இறுக்கமாக நிற்கும், பெண்ணுக்குத் தாராளமாக ஆடும். அதை நீ என் எம்.பி.பி.எஸ். பிள்ளைகளுக்கு முன்பே கற்றுக்கொண்டாய். ஒருநாள், "இவங்க பேரு என்னங்கம்மா?" என்று கேட்டாய். "பேரு எலும்புல இருக்காது கண்ணு, பாக்கி நெறைய இருக்கும்" என்றேன். அன்று ராத்திரி உன் அப்பாவிடம், இவன் என்னை மாதிரி வருவான் என்று சொன்னேன். அவர் சிரித்தார். மனுஷன் என்னைவிட விவரமானவர்.

பிறகுதான் ஜெபா ஒரு வீடியோவை அனுப்பினாள். உன் செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர், தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், கல்யாணமான புதிதில் நம் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தவள். குழிக்கு வேடிக்கை பார்க்கப் போய்த் தன் போனில் எடுத்திருக்கிறாள். அவள் கோள் சொல்ல அனுப்பவில்லை, உன்மேல் இருக்கிற பெருமையில் அனுப்பினாள். "டீச்சர், சாரப் பாத்தியளா! எலும்பத் தொட்டுப் பாத்தே ஆம்பளையா பொம்பளையான்னு சொல்லிட்டாவ. நம்ம டீச்சர் மவன்லா!" என்று பேசியும் அனுப்பியிருந்தாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் அவள் பெயரை இங்கே எழுதுகிறேன். "எழுதுங்க டீச்சர், நாம என்ன பொய்யா சொல்லுதோம்?" என்றாள். இதற்காக அவளை நீ ஒரு சொல் சொன்னாய் என்று என் காதில் விழுந்தால் அடுத்த கடிதம் உன்னிடம் துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்குப் போகும்.

வீடியோவில் நீ குழி ஓரத்தில் குந்தியிருக்கிறாய். கையில் இடுப்பெலும்பு. கட்டைவிரலை அந்த வளைவில் வைத்து ஆட்டுகிறாய். "பொம்பளைங்க" என்று வாஸ்துக்காரரிடம் சொல்கிறாய். பிறகு தோளிலிருந்து நெஞ்சுக்கு வருகிற காறை எலும்பை எடுத்து, நெஞ்சுப் பக்கத்து முனையை விரலால் நிமிண்டிப் பார்த்து, "முனை இன்னும் ஒட்டலீங்க. முப்பது தாண்டாத புள்ளைங்க" என்கிறாய். சரி. முழுக்கச் சரி. என் மாணவர்களில் பாதிப் பேர் இவ்வளவு சுருக்காகச் சொல்லமாட்டார்கள். தாடையை எடுத்துப் பல்வரிசைமேல் விரலை ஓட்டினாய். அப்போது உன் முகத்தில் அந்தப் பழைய விளையாட்டுக் களை வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நொடி நீ கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "ஆபீசருக யாராச்சும் வர்றதுக்கு முந்தி துணில முடிஞ்சு எடுத்துருங்க. தெரிஞ்சா மாசக் கணக்குல வேலைய நிறுத்தி வெச்சுருவாங்க." ஆக, சல்லியமும் இல்லை, மோட்சமும் இல்லை. வாஸ்துக்காரர் பாவம், அவராவது நம்பிச் சொன்னார். நீ அவர் நம்பிக்கையைத் துணியாக்கி உன் அவசரத்தை மூடினாய். அவள் ஒரு பெண், வாழ வேண்டிய வயதில் செத்தவள் என்று கண்டுபிடித்துவிட்டு, கண்டுபிடித்த கையாலேயே முடிச்சும் போட்டாய். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்கள். எனக்கு வந்து வாய்த்தது அப்படி ஒரு பிள்ளை.

அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவள் பல்லில் குறுக்கே மெல்லிய கோடுகள் தெரிகின்றன. ஈறுக்குள் பல் உருவாகிற வயதில் பட்டினியோ கடுங்காய்ச்சலோ வந்தால் பல்லின் மேல்பூச்சான எனாமல் வளர்வது நின்றுபோகும், உடம்பு தேறினால் மறுபடி தொடரும். நின்ற இடத்தில் ஒரு கோடு விழும். பல் இருக்கிறவரை அது அழியாது. உன் கோரைப்பல்லிலும் ஒன்று இருக்கிறது, கண்ணாடியில் பார். மூன்று வயதில் உனக்கு டைபாய்டு வந்தபோது விழுந்தது. நான் லீவு போட்டுவிட்டு உன் கட்டிலைவிட்டு நகராமல் கிடந்தேன். நீ சிரிக்கும்போதெல்லாம் அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்ப்பேன், பிழைத்துக்கொண்டான் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அவளுக்கும் அந்தக் கோடு இருந்ததென்றால் அவளும் குழந்தையில் ஏதோ ஒன்றைத் தாண்டி வந்தவள். இன்னொன்றும் தெரிந்தது. முன்பல் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு. ஜெபாவுக்கு அதே இடத்தில் அதே போன்ற வெட்டு இருக்கிறது. சின்ன வயதிலிருந்து நூலைப் பல்லில் இழுத்துக் கடித்துப் பிசிறு எடுத்த பெண் அவள். வருஷக்கணக்கில் நூல் ஓடினால் பல் அறுபடும். தாழிக்குள் இருந்தவளுடையதும் நூல் அறுத்த தடம்தானா, இல்லை ஏதோ கடித்து உடைந்ததா? வீடியோவை வைத்துச் சொல்ல முடியாது. லென்ஸுக்கு அடியில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். உன் கம்பெனி விளம்பரத்தில் தலைமுறை தலைமுறையாக நூலோடு உறவு என்று போட்டிருக்கிறாய். உன் தாத்தா தோட்டத்தில் புகையிலை பயிர் போட்டவர், அது போகட்டும். உன் தொட்டிக் குழிக்குள்ளேயே ஒருவேளை நூல்காரி ஒருத்தி படுத்திருந்தாள், அவளை நீ கழுவிக் கொண்டுபோய் ஆற்றில் விட்டாய்.

இதிலும் எனக்குத் தாங்காதது, ஐயரை வைத்து நம் குலத்தின், நம் கூட்டத்தின் பெயரைச் சொல்லி அவளுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டாயாமே, அதுதான். அவள் நம் கூட்டம் என்று உன்னிடம் யார் சொன்னது? எலும்பில் கூட்டமும் இல்லை, சாதியும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தவள் சொல்கிறேன். எலும்பில் தெரிவது வேறு: என்ன தின்றார்கள், எதைத் தூக்கினார்கள், குந்தி வேலை செய்தார்களா, எந்த வயதில் காய்ச்சல் வந்தது, எப்போது செத்தார்கள். சின்ன வயதில் குடித்த தண்ணீரின் சத்து பல்லுக்குள் போய்த் தங்கிவிடும், அதை லேபில் பார்த்தால் அவள் இந்த மண்ணில் வளர்ந்தவளா, வேறெங்கிருந்தோ வந்தவளா என்று சொல்ல வழி உண்டு. அவளும் ஒடிசாவிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் உன் ஹாஸ்டலுக்கு வருகிற பிள்ளைகளைப் போல, பிழைக்க வந்த ஒருத்தியாக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இனித் தெரியாது. உயிரோடு வருகிறவளுக்கு உன் கேட்டில் பெயரைக் கேட்காமல் நம்பர் கொடுக்கிறார்கள். செத்தவளுக்கு, கேட்காமலே நம் கூட்டத்தின் பெயரைக் கொடுத்துவிட்டாய்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "ஆர்டர் தேதி தள்ளிப்போனா இத்தன குடும்பம் என்னங்கம்மா பண்ணும்?" என்பாய். நியாயமான கேள்விதான், அந்தக் குடும்பங்களை எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் குடும்பங்களின் பெயரை நீ எதற்கெல்லாம் எடுக்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். ஓவர்டைமுக்கு எடுப்பாய், லீவு மறுக்க எடுப்பாய், இப்போது இதற்கும். என்றைக்காவது உன் ஷெட்டும் மண்ணுக்குள் போகும். உன் டெய்லர்களின் எலும்பை யாராவது கையில் எடுப்பார்கள். குனிந்தே இருந்த கழுத்தையும் தேய்ந்த முதுகெலும்பையும் பார்த்து, இந்த ஊரில் என்ன நடந்தது என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். நீ ஆடிட்டுக்கு ஆள் வரும்போது சுவரில் மாட்டுகிற படங்கள் எதுவும் அப்போது உதவிக்கு வராது. அறிவுரை சொல்லும் வயது எனக்கு வந்துவிட்டது, கேட்கும் வயது உனக்குப் போய்விட்டது. ஆகவே ஒன்றே ஒன்று: தெரியாமல் செய்கிறவனைத் திருத்தலாம். தெரிந்துகொண்டே செய்கிறவனிடம் பேசுவது வீண், அவனுக்கு முன்னால் குறுக்கே உட்கார வேண்டும். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த மேற்குப் பாதியில், கடலைக்காய் பிடுங்கிய இடத்தில், அந்தப் பழங்காலத்து ஆட்கள் புதைகுழியைச் சுற்றி வைத்த கல் வட்டம் ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. அதற்குக் கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று உனக்கும் தெரியும். பிரிண்டிங் ஷெட்டுக்கு இதை உன் பேருக்கு எழுதித்தரக் கேட்டாய், நான் மறுத்தேன். மறுத்தும் இன்று வண்டியை அனுப்பினாய். அம்மா பூஜைக்குப் புதுச் சேலை எடுக்கப் போயிருப்பாள் என்று நினைத்தாயோ? தாலுகா ஆபீசில் மனு கொடுத்துவிட்டேன், அந்த வீடியோவும் அதோடு போயிருக்கிறது. தொல்லியல் துறை ஆட்கள் இன்று மதியத்துக்குமேல் வந்து பார்க்கிறார்கள். உன் கிழக்குப் பாதியையும் காட்டச் சொல்வார்கள். காட்டு. வேலை நிற்கும், ஆர்டர் போகலாம், உன் பெயர் பேப்பரில்கூட வரலாம். பெற்றவளே பிள்ளையைக் காட்டிக்கொடுத்தாள் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். பேசட்டும், உண்மைதானே.

இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். நான் செத்தபிறகு என் உடம்பை அனாடமி டிபார்ட்மென்டுக்குக் கொடுக்க எழுதிக்கொடுத்துவிட்டேன். நெருங்கிய உறவு ஒருவரின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். உன் அப்பா போனபிறகு எனக்கு இருப்பது நீ ஒருவன்தான். பால் ஊற்ற, துணியில் முடிய, ஆற்றில் விட உனக்கு எதுவும் மிஞ்சாது. பிள்ளைகள் என் எலும்பைக் கையில் வாங்கிப் படிப்பார்கள். பெண் என்பார்கள், கிழவி என்பார்கள், முட்டி போனவள் என்பார்கள். இடுப்பெலும்பில் சின்னக் குழிகள் இருந்தால் அவள் பிள்ளை பெற்றவள் என்று ஒரு காலத்தில் பாடம் நடத்தினோம். நானும்தான் நடத்தினேன். அது தப்பு என்று பிறகு தெரிந்தது. பெறாதவளுக்கும் அந்தக் குழி இருக்கும், பெற்றவளுக்கு இல்லாமலும் போகும். எலும்பைப் பார்த்து அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே என்னைக் கையில் எடுக்கிற ஒருவருக்கும், எனக்கு ஒரு மகன் இருந்தான் என்பது தெரியப்போவதில்லை. முன்பெல்லாம் இதை நினைத்தால் வலிக்கும். இன்றைக்கு நிம்மதியாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டு, இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற ஜேசிபிக்காரரிடமே கொடுத்தனுப்பு.

அம்மா